சின்னக் கேட்டமரனின் வேகம்: கொடைக்கானலில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது கொடைக்கானல் நாயுடுபுரத்தில். தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாலு பேர் பங்கு போட்டு வாங்கிய பழைய 16 அடி கேட்டமரன் (ஹோபி கம்பெனியின் பாய்மரப் படகு) ஒன்று ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிடக்கிறது. மாதம் ஒருமுறை வத்தலக்குண்டு, மதுரை, ராமநாதபுரம் என்று இறங்கிப் போய் அதை ஓட்டிவிட்டு மலையேறுகிறோம். முதுகுவலியோடு திரும்பினால் டீக்கடையில் முதல் கேள்வி எப்போதும் "எவ்வளவு வேகம்ணே போச்சு?" என்பதுதான். பதில் சொல்லிச் சொல்லி டீ ஆறிப்போவதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேட்டமரன்னா நம்ம கட்டுமரம்தானே? அதுல என்னண்ணே வேகம்?

பெயர் நம்முடையது, பொருள் வேறு. மரங்களைச் சேர்த்துக் கட்டியதால் கட்டுமரம். அந்தத் தமிழ்ச் சொல்லை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டு, பிற்பாடு இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். இப்போது அது கேட்டமரன் என்று நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. பேரன் வெளிநாடு போய்ப் பெயரைச் சுருக்கிக்கொண்டு வந்த கதைதான்.

நான் பேசுவது இரண்டு ஒல்லியான உடல்களைக் குறுக்குக் குழாய்களால் இணைத்து, நடுவில் துணி விரித்து, மேலே பாய் கட்டிய படகு. எங்களுடையது 5 மீட்டர் நீளம், சுமார் 2.4 மீட்டர் அகலம், எடை 145 கிலோ. எஞ்சின் கிடையாது.

நாட்டுன்னா என்ன? கிலோமீட்டர்ல சொல்லக்கூடாதா?

ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. இரண்டால் பெருக்கி கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். 10 நாட் என்றால் 18.5 கி.மீ., 20 நாட் என்றால் 37 கி.மீ. காற்றின் வேகத்தையும் நாட்டிலேயே சொல்வதால் இரண்டையும் ஒப்பிடச் சுலபம்.

37 கி.மீ. தானா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு: நம் மலைப்பாதை பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வேகத்தில் போகாது. போனால் நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கமாட்டீர்கள். படகில் தண்ணீருக்கு அரை மீட்டர் மேலே, முகத்தில் உப்புத் தண்ணீர் ஊசி மாதிரிக் குத்த, அந்த வேகம் வேறு மாதிரி இருக்கும்.

ஒத்தைப் படகை விட இது ஏன் வேகமாப் போகுது?

சாதாரணப் படகு ஓடும்போது தானே ஒரு அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டு, ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிறது. அதற்கு மேல் போக வேண்டுமானால் தன் அலை மீதே ஏற வேண்டும். பழைய கணக்கு ஒன்று உண்டு: தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட்டில் வரும். 16 அடிக்கு 5.4 நாட்.

கேட்டமரனின் உடல் கத்தி போல ஒல்லி. எழுப்பும் அலை மிகச் சிறியது. அதனால் இந்த வரம்பு அதை நிறுத்துவதில்லை. ஒல்லியான படகு கவிழுமே என்றால், அதற்குத்தான் இரண்டு உடலை அகல வைத்துக் கட்டியிருக்கிறது. அந்த அகலம் தருகிற நிலைப்பில் பெரிய பாய் கட்டலாம்.

போன்ல 24 நாட் காட்டிச்சு. ஸ்கிரீன்ஷாட் இருக்கு. நம்ப மாட்டேங்கிறீங்களே?

உங்களை நம்புகிறேன், அந்த எண்ணைத்தான் நம்பவில்லை. போன் தன் இடத்தைக் கணிக்கும்போது சில மீட்டர் பிசகுவது சகஜம். முதல் நொடியில் 3 மீட்டர் பின்னால் தள்ளியும், அடுத்த நொடியில் 3 மீட்டர் முன்னால் தள்ளியும் கணித்தால், அந்த ஒரு நொடியில் நீங்கள் போகாத 6 மீட்டர் கணக்கில் சேரும். நொடிக்கு 6 மீட்டர் என்பது 11 நாட்டுக்கும் மேல். இப்படித்தான் 13 நாட் 24 ஆகிறது. அதே 6 மீட்டர் பிழையை 10 நொடிக்குப் பரப்பினால் 1.2 நாட்தான். 500 மீட்டருக்குப் பரப்பினால் அது காணாமலே போகிறது.

இன்னொரு முறையும் உண்டு. வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பஸ் நம்மைத் தாண்டியதும் ஒலி சட்டென்று இறங்குகிறதல்லவா, அந்த டாப்ளர் விளைவு செயற்கைக்கோள் அலைக்கும் உண்டு. அலைவரிசை எவ்வளவு மாறியது என்று பார்த்து வேகத்தை நேரடியாகக் கணிக்கிற கருவிகள் இடத்தைக் கழித்துப் பார்ப்பதை விட மிகத் துல்லியமானவை. வேகப் பந்தயத்துக்கு விண்ட்சர்ஃபிங் ஆட்கள் (பலகைமேல் நின்று பாய் பிடித்து ஓட்டுகிறவர்கள்) வைத்திருக்கும் கருவிகள் இந்த வகை. ஆனால் எந்தக் கருவியானாலும், நீங்கள் கவிழ்ந்து அது தண்ணீருக்குள் போய் வெளியே வரும் நொடியில் கன்னாபின்னாவென்று காட்டும். நான் பார்த்த "சாதனை"களில் பாதி கவிழ்ந்த நேரத்தில் பதிவானவை.

சந்தேகம் இருந்தால் இங்கேயே சோதிக்கலாம். நாங்கள் ஏரிச் சாலையில் வாடகை சைக்கிள் எடுத்து, ஒரே பையில் மூன்று போனைப் போட்டு ஒரு சுற்று வந்தோம். மொத்த சராசரி மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உச்ச வேகம் மட்டும் மூன்றும் மூன்று விதம். ஒன்றின்படி நான் சைக்கிளில் 50 கி.மீ.க்கு மேல் போயிருக்கிறேன். என் முழங்காலைப் பார்த்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

அப்ப எந்த எண்ணைத்தான் சொல்லணும்?

எத்தனை நொடிக்கான சராசரி அல்லது எத்தனை மீட்டருக்கான சராசரி என்று கூடச் சொன்னால் எந்த எண்ணும் சரிதான். 2 நொடி, 10 நொடி, 500 மீட்டர் ஆகியவை வழக்கத்தில் உள்ளவை. பாய்மரப் படகுகளின் உலக வேகச் சாதனையே 500 மீட்டர் ஓட்டத்தின் சராசரிக்குத்தான் தரப்படுகிறது. சின்னப் படகுக்கு எனக்குப் பிடித்தது 10 நொடி. ஒரு நல்ல காற்று வீச்சில் எட்டக்கூடியது, ஆனால் போனின் பொய்க்கு இடம் தராதது.

செயலி நொடிக்கு ஒருமுறையாவது பதிவு செய்கிறதா என்று பாருங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஐந்து நொடிக்கு ஒருமுறை பதிவு செய்தால் உள்ள வேகமும் தொலைந்துபோகும். கருவியைக் கையில் கட்டுவதை விட தோளிலோ உயிர்காப்பு உடையின் மேலோ வானம் பார்த்து வைப்பது நல்லது. கயிறு இழுக்கிற கை ஒரு நொடியில் ஒரு மீட்டர் போய்வரும், அதுவும் கணக்கில் ஏறும்.

ஜி.பி.எஸ். எல்லாம் வேண்டாம். ஸ்டாப் வாட்ச் பத்தாதா?

போதும், தூரம் நீளமாக இருந்தால். 18 நாட் என்பது நொடிக்கு 9.26 மீட்டர். 100 மீட்டரை 10.8 நொடியில் கடந்துவிடுவீர்கள். பட்டனை அமுக்குவதில் அரை நொடி பிசகினாலே 5 சதவீதம், ஏறக்குறைய ஒரு நாட், தவறிவிடும். 500 மீட்டருக்கு 54 நொடி ஆகும், அதே அரை நொடி ஒரு சதவீதம்தான்.

எதுக்குண்ணே மண்டபம் வரைக்கும் ஓடுறீங்க? நம்ம ஏரியிலயே விட்டா என்ன?

ஆசை எனக்கும் உண்டு. 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் இந்த ஏரியைக் கட்டியபோது முதல் படகே தூத்துக்குடியிலிருந்துதான் வந்தது என்பார்கள். கடல் படகு மலையேறியது இங்கே புதிதல்ல. ஆனால் நம் இஷ்டத்துக்குப் படகை இறக்க முடியாது, அதற்கு அனுமதி வேண்டும். தவிர, ஏரி நட்சத்திரம் போலக் கைகைகளாகப் பிரிந்தது. வேகம் பிடிப்பதற்குள் கரையோ பெடல் படகில் செல்ஃபி எடுக்கும் குடும்பமோ குறுக்கே வந்துவிடும். சுற்றிலும் மேடும் மரமும் இருப்பதால் காற்றும் நிலையாக வராது. இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு இழு.

பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம், இங்கே காற்றே மெல்லிசு. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், நம் குளிரையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பாய் மீது விழும் விசையும் அதே அளவு குறைகிறது. விசை காற்றின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மண்டபத்தில் 10 நாட் காற்று தருகிற தள்ளலைப் பெற இங்கே 11 நாட்டுக்கு மேல் வீச வேண்டும். தண்ணீர் மட்டும் அதே கனம்தான். ஊட்டி ஏரிக்கும் இதே கணக்கு, அது இன்னும் சற்று உயரம்.

போகும்போது 17, வரும்போது 15. படகுல ஏதும் கோளாறா?

நீரோட்டமாக இருக்கும். ஜி.பி.எஸ். சொல்வது தரையைப் பொறுத்த வேகம், தண்ணீரைப் பொறுத்தது அல்ல. ஒரு நாட் நீரோட்டம் போகும்போது கூட்டிக் கொடுத்து, வரும்போது எடுத்துக்கொள்கிறது. காற்றைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு போகவும் வரவும் ஓடி இரண்டின் சராசரியை எடுங்கள். உங்கள் படகின் வேகம் 16.

காத்தை விட வேகமாப் போகும்னு சொன்னா சிரிக்கிறாங்க. நிஜமா?

நிஜம். பெருமாள்மலையிலிருந்து பைக்கில் இறங்கும்போது பக்கவாட்டில் வீசும் காற்றும் முன்னாலிருந்து வருவது போலத்தான் முகத்தில் அடிக்கும். நீங்கள் போகும் வேகம் ஒரு காற்றை உண்டாக்கி, வீசும் காற்றோடு கலக்கிறது. பாய்க்குத் தெரிவது இந்தக் கலந்த காற்றுதான். 12 நாட் காற்று சரியாகப் பக்கத்தில் வீச, படகும் 12 நாட்டில் ஓடினால், பாய் உணர்வது 17 நாட் காற்று. படகு வேகமெடுக்க எடுக்க அதற்குக் கிடைக்கும் காற்றும் கூடுகிறது. ஆனால் அந்தக் காற்று மேலும் மேலும் முன்பக்கம் நகர்வதால் ஓர் எல்லையில் எல்லாம் நின்றுவிடும்.

காற்றை நேர் முதுகில் வாங்கினால் இந்த லாபம் இல்லை. 12 நாட் காற்றில் 8 நாட் போனால் பாய்க்கு மிஞ்சுவது 4 நாட். முதுகுக் காற்றுதான் வேகம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்ப எந்தக் கோணம்? எந்தக் கடல்?

காற்றைச் சரியாகப் பக்கத்தில் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து பத்து முதல் முப்பது டிகிரி வரை காற்று போகும் பக்கமாகத் திருப்புங்கள். பெரும்பாலான படகுகளின் உச்ச வேகம் அங்கேதான் இருக்கிறது. சரியான கோணம் படகுக்குப் படகு, காற்றுக்குக் காற்று மாறும். ஓட்டும்போது ஐந்து ஐந்து டிகிரியாக மாற்றித் தேட வேண்டும்.

கடலைப் பொறுத்தவரை, தட்டையான தண்ணீரும் பலமான காற்றும் ஒன்றாக வேண்டும். மண்டபத்தின் வசதியே அதுதான். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், நிலத்துக்கு மறுபுறம் வடகடல் தட்டையாகக் கிடக்கும். வாடைக்காற்று வந்தால் தலைகீழ். அங்கே மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டால் கச்சான், சோழகம், கொண்டல் என்று பெயர் சொல்லியே எந்தப் பக்கம் இறங்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: தட்டையான பக்கத்தில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஏதாவது உடைந்தால் உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். கரையை ஒட்டியே ஓடுங்கள், எஞ்சின் படகோடு ஒருவர் கரையில் தயாராக இருக்கட்டும். தென்கடல் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே இறங்கக்கூடாது.

வேகத்தைக் கூட்ட முதல்ல என்ன வாங்கணும்?

டேப் ஒன்று, அளக்கிற டேப். அதை வைத்து இரண்டு சுக்கான் பலகைகளின் முன் ஓரங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும், பின் ஓரங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளங்கள். இரண்டும் சமமாகவோ, முன்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் குறைவாகவோ இருக்க வேண்டும். எங்கள் படகில் முன்னுக்கும் பின்னுக்கும் 14 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. ஒரு வருடமாக இரண்டு சுக்கானும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே தண்ணீரைக் கிழித்திருக்கின்றன. நான் தச்சன், வாசல் நிலை 2 மில்லிமீட்டர் சாய்ந்தால் தூக்கம் வராது. இதை மட்டும் அளக்கத் தோன்றவில்லை.

அடுத்தது, பிடிக்கையில் சுக்கான் கனமாக இழுக்கிறதா என்று பாருங்கள். படகு ஓயாமல் காற்றைப் பார்த்துத் திரும்பத் துடித்தால், அதைத் தடுக்கப் பிடித்திருக்கும் சுக்கான் பிரேக் போல வேலை செய்கிறது. சுக்கான் பலகை முழுதாகக் கீழே இறங்காமல் பின்னால் சாய்ந்திருப்பதுதான் வழக்கமான காரணம். பலகையின் நுனி சற்று முன்னால் வரும்படி சரிசெய்தால் பாதி பாரம் போய்விடும்.

அப்புறம் உடலுக்குள் தேங்கும் தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஓட்டி முடித்ததும் அடைப்பானைத் திறந்து எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். அடிப்பக்கத்தை 400, 600 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும், பளபளப்புக்கு மெழுகு பூச வேண்டியதில்லை. இவ்வளவுக்கும் செலவு ஐநூறு ரூபாய்க்குள். புதுப் பாய் வாங்கும் பேச்சு இதற்கெல்லாம் அப்புறம்.

நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து 160 கிலோ. இளைக்கணுமா?

மெல்லிய காற்றில் எடை பாரம்தான். பலமான காற்றில் அதுவே சொத்து, ஏனென்றால் பாய் படகைச் சாய்க்கப் பார்க்கும்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அமுக்குவது நீங்கள்தான். இடுப்பில் கம்பியை மாட்டிக்கொண்டு ஓரத்தில் நின்று வெளியே சாய்கிற ட்ரபீஸ் பழகினால், அதே எடை ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளிப் போகிறது. இரண்டு பேரும் அப்படிச் சாய்ந்தால் படகைத் தாங்கும் பலம் கால்பங்கு வரை கூடும் என்பது என் கணக்கு. அதனால் பிரியாணியை விட வேண்டாம். ஐஸ்பெட்டியையும் இரண்டாவது நங்கூரத்தையும் கரையில் வைத்துவிட்டுப் போனால் போதும்.

ஒரு பக்கத்தைத் தூக்கி ஓட்டினா வேகம் கூடுதா, இல்ல ஃபோட்டோவுக்கா?

காற்றுப் பக்கத்து உடல் தண்ணீரை விட்டு ஒரு சாண் எழுந்தால் வேகம். அதன் உராய்வு போய்விடுகிறது. ஓர் ஆள் உயரம் எழுந்தால் ஃபோட்டோ. அந்தச் சாய்வில் பாயும் சாய்ந்து காற்றை நழுவவிடுகிறது.

பாயை எவ்வளவு இழுக்கணும்?

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதிகமாக இழுக்கிறார்கள். பயத்தில் கயிற்றை இறுகப் பிடிப்பது மனித சுபாவம். முன்பாயில் இரண்டு பக்கமும் கம்பளி நூல் ஒட்டி வையுங்கள், நம்மூர் ஸ்வெட்டரிலிருந்து பிய்த்தது போதும். இரண்டு நூலும் நேராகப் பின்னால் பறந்தால் சரி. வெளிப்பக்க நூல் துடித்தால் இழுப்பு அதிகம், விடுங்கள். உள்பக்கம் துடித்தால் இழுங்கள்.

காற்று கூடும்போது பெரிய பாயின் முன் ஓரத்தைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றை இறுக்கினால் பாயின் வயிறு தட்டையாகி முன்னால் நகரும். பக்கக் காற்றில் வேகம் எடுக்கும்போது, மேலே சொன்னபடி பாய்க்குத் தெரியும் காற்று முன்னால் நகர்கிறது. அதனால் வேகம் கூடக் கூட கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும். வேகம் விழுந்தால் விட வேண்டும். கை ஓயக்கூடாது.

முன்பக்கம் தண்ணிக்குள்ள குத்தி குட்டிக்கரணம் அடிச்சோம். எப்படித் தவிர்க்கிறது?

வாழ்த்துகள், எல்லோரும் ஒருமுறை அடித்தவர்கள்தான். பாயின் தள்ளல் உயரத்தில் இருப்பதால் வேகம் கூடும்போது மூக்கு அமுங்கும். இருவரும் பின்னால் நகருங்கள், ட்ரபீஸில் இருந்தால் காலை அகட்டிப் பின்காலை ஊன்றுங்கள். மூக்கின் மேல்தளத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்த பிறகு கயிற்றை விட்டால் தாமதம். ஏறப்போகும் முன்பே ஒரு சாண் விட வேண்டும். போன ஆடியில் நான் பிடிவாதமாக விடாமல் இருந்து, கம்பியில் தொங்கியபடியே பாய்மரத்தைச் சுற்றிப் போய் முன்னால் விழுந்தேன். பத்து நாள் உளி பிடிக்க முடியவில்லை.

ஒரு மாத்தம் செஞ்சோம், ஒரு நாட் கூடிச்சு. மாத்தம்தான் காரணமா?

பெரும்பாலும் காற்றுதான் காரணம். நேற்று 14 நாட், இன்று 16 நாட் வீசினால் எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் வேகம் கூடும். கையில் பிடிக்கும் காற்றுமானியும் முழுசாக உதவாது. ஆள் உயரத்தில் அது காட்டுவதை விட 8 மீட்டர் பாய்மர உச்சியில் காற்று கூடுதல்.

இரண்டு படகு இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒன்றில் மட்டும் மாற்றம் செய்து பாருங்கள். பிறகு ஆட்களை மாற்றி உட்காரவைத்து மறுபடி பாருங்கள். ஒரே படகு என்றால் பழையபடி, புதியபடி, பழையபடி, புதியபடி என்று மாறி மாறி ஓட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். அலுப்பான வேலைதான். சுக்கானைச் சரிசெய்தது எங்களுக்கு உதவியது என்று நான் அடித்துச் சொல்வதற்கு நோட்டில் இருக்கும் பன்னிரண்டு ஓட்டங்களே காரணம்.

தண்ணிக்கு மேல பறக்குற படகெல்லாம் வருதே, நம்மளதையும் அப்படி மாத்திடலாமே?

நீருக்கடியில் இறக்கை போன்ற ஃபாயில் வைத்து உடலையே தூக்கிவிடும் வகை அது. ஒலிம்பிக்கில் இருக்கும் நாக்ரா 17 அப்படித்தான் பறக்கிறது. 2012இல் நமீபியாவின் வால்விஸ் பேயில் பால் லார்சன் 500 மீட்டரை 65.45 நாட் சராசரியில் கடந்ததும் ஃபாயில் வைத்த படகில்தான், மணிக்கு 121 கி.மீ. ஆனால் பழைய படகில் ஃபாயில் மாட்டுவது மாட்டுவண்டியில் ஜெட் எஞ்சின் வைக்கிற மாதிரி. அந்த விசையைத் தாங்க எங்கள் குறுக்குக் குழாய் செய்யப்படவில்லை.

எல்லாம் சொன்னீங்க. உங்க வேகம் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே?

வடகடலில், ஒரு மதியம், 10 நொடிச் சராசரி 16.8 நாட். போகவும் வரவும் ஓடி எடுத்தது. அதே ஓட்டத்தில் என் பங்காளியின் போன் உச்சம் 21.4 என்று காட்டியது. டீக்கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருப்பது 21.4. நான் இரண்டு முறை அழித்துவிட்டேன்.